கரும்பாறைக்கு வைத்த பெயர்

முகாம்
9 ஜனவரி 2025, வியாழன்

அன்புள்ள ஹவ்வா,

நலம். முட்டி வலி பரவாயில்லை. நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். பதில் எழுதும்போது அதையே முதல் வரியாக வைக்காதே.

இந்த வருடம் முகாமைப் பாலைவனத்துக்குள் இன்னும் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் மொட்டை மலை, நடுவில் மணல். போனில் ஒரு கோடுகூட வராது. வியாழன்தோறும் பாலாஜி என்பவர் தண்ணீர் லாரி கொண்டு வருகிறார். நம் மாவட்டத்து ஆள், கந்தர்வக்கோட்டை, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். இந்தத் தாளை அவர் டவுனுக்குப் போய்ப் போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்புவார். நீயும் எழுதிப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பு. பிரிண்ட் போட்டுக் கொண்டுவருவார். "வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லுங்க பாய், ஈஸியா இருக்கும்ல" என்றார். உன் குரலை லாரியில் வைத்து அவரும் கேட்டுக்கொண்டு வருவதா? நீ எழுதியே அனுப்பு.

மூன்று குளிர்காலமாக நான் டாக்டர் அம்மாவுக்கு வண்டி ஓட்டுகிறேன் இல்லையா, ஊசி போடுகிற டாக்டர் இல்லை, கல் படித்தவர், போன வருடம் நாங்கள் உடைத்து அனுப்பிய கல்லுக்கு இந்த வாரம் வயது தெரிந்துவிட்டது. ஒரு கோடியே முப்பத்தெட்டு லட்சம் ஆண்டு. கரும்பாறை அது. மலை வெடித்து ஊற்றிய குழம்பு ஆறாக ஓடி, இறுகிக் கிடக்கிறது. குழம்பாக இருந்தபோது உள்ளே இல்லாத ஒரு வாயு, இறுகிய நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறதாம். அதை அளந்து பின்னோக்கி எண்ணுகிறார்கள். வெயில் பட்ட மேல்கல் உதவாது. உடைத்து நடுக்கல்லை எடுக்க வேண்டும். அந்தச் சம்மட்டி அடியெல்லாம் என்னுடையது. முட்டி வலிக்குக்கூட அதுதான் காரணம் என்று வைத்துக்கொள்.

வயது தெரிந்தபின் பெயர் வைக்க வேண்டுமாம். இதுவரை இந்தப் பாறையைத் தனியாகப் பிரித்து யாரும் எழுதவில்லை. டாக்டர் அம்மா எழுதுகிறார். அச்சாகி, வரைபடத்திலும் ஏறும். கல் எடுத்த பள்ளத்தின் பெயரைத்தான் பாறைக்கும் வைப்பார்கள். மர்யம் பள்ளம் என்று சொன்னேன். அதனால் மர்யம் பாறை.

நேற்று டின் மீன் வந்தது. தக்காளி இல்லாமல் புளி மட்டும் ஊற்றி வைத்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல். மற்றபடி நன்றாகவே இருந்தது.

உமைரிடம், வண்டியை மெதுவாக ஓட்டும்படி அத்தா சொன்னதாகச் சொல்.

உன்
ஹாஜா முகைதீன்


மீமிசல்
13 ஜனவரி 2025, திங்கள்

ஸலாமுக்குப் பின் உமைர் அத்தா அவர்களுக்கு ஹவ்வா உம்மாள் எழுதுவது.

நீங்கள் சொன்னபடி முட்டியைப் பற்றி முதல் வரியில் எழுதவில்லை. இது இரண்டாம் வரி. தைலத்தைக் காலையில் ஃபஜ்ருக்குப் பிறகும் மாலையில் மஃரிபுக்குப் பிறகும் தடவுங்கள். சம்மட்டியை வேறு யாராவது பிடிக்கட்டும். ஐம்பத்திரண்டு வயது உங்களுக்கு. அதை அளக்க வாயு ஒன்றும் வேண்டாம்.

உமைர் நலம். காலையில் அறந்தாங்கிக்குக் கடைக்குப் போனால் இரவு இஷாவுக்குத்தான் வருகிறான். வந்ததும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். நாள் முழுக்க அடுத்தவன் போனை ரிப்பேர் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு அது சலிக்கவே சலிக்காதா என்று கேட்டேன். "அது வேல, இது ரெஸ்ட்டும்மா" என்கிறான்.

கடிதம் வந்த தேதியை நோட்டில் குறித்துவிட்டேன். எனக்கு இரண்டு சந்தேகம்.

கோடிக்கணக்கான வருடத்தை முப்பத்தெட்டு லட்சம் என்று அத்தனை சரியாக எப்படிச் சொல்கிறார்கள்? ஒரு நாள் முன்னே பின்னே ஆனால்கூடப் பிசகு பிசகுதானே.

அடுத்தது, அந்தப் பள்ளத்துக்கு மர்யம் என்று பெயர் வைத்தது யார்? போன வருடம் நீங்கள் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். கிணறு இல்லை, வீடு இல்லை, எப்போதாவது ஆடு ஓட்டுகிறவர்கள் தாண்டிப் போவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளத்துக்குப் பெயர் இருந்ததாக எழுதவில்லை. இப்போது நீங்கள் சொன்னதாக இருக்கிறது. உங்களுக்கு யார் சொன்னது?

நான் துருவுவதாக நினைக்க வேண்டாம். படித்ததிலிருந்து கண் அந்த வரியை விட்டு நகரமாட்டேன் என்கிறது. அதற்கு அடுத்த வரியிலேயே டின் மீன் வருகிறது. நீங்கள் எதையாவது மறைக்கும்போதுதான் சாப்பாட்டைப் பற்றி எழுதுவீர்கள்.

துஆவுடன்
ஹவ்வா உம்மாள்


முகாம்
23 ஜனவரி 2025, வியாழன்

ஹவ்வா,

நிக்காஹ் முடிந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. டின் மீனில் பிடிபடுவேன் என்று நான் நினைக்கவில்லை. போன வியாழனே உன் கடிதம் கிடைத்துவிட்டது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். லாரி கிளம்பும்வரை தாள் வெள்ளையாகவே இருந்தது.

முதலில் கணக்கு. முன்பின் இரண்டு லட்சம் ஆண்டு. வயதை எழுதி, பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்டு, இரண்டு லட்சம் என்று எழுதிவிடுகிறார்கள். அதில் அவர்களுக்கு ஒரு கூச்சமும் இல்லை. அப்படி எழுதாவிட்டால்தான் யாரும் நம்பமாட்டார்களாம்.

அடுத்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நானேதான் வைத்தேன்.

முதல் வருடம் அந்தப் பள்ளத்துக்குப் போனால் எல்லோரும் மேலே ஏறிவிடுவார்கள். நான் வண்டியோடு கீழே இருப்பேன். சாயங்காலம் அஸர் வரை ஆள் கிடையாது. பாறை நிழலில் தொழுதுவிட்டு, போய்விட்ட நம் பிள்ளைக்காகத் துஆ கேட்பேன். மகளே, மகளே என்று எத்தனை காலம் கூப்பிடுவது? வைத்திருந்த பெயர் என்னிடம் இருந்ததே. ஒரு நாள் அங்கே அதை வாய்விட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலே மர்யமிடம் போகிறோம் என்று மனசு சொல்ல ஆரம்பித்துவிட்டது.

போன வருடம் கல்லைப் பையில் போட்டுச் சீட்டு எழுதும்போது டாக்டர் அம்மா பேனாவோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஹாஜா, நீதானே ஆட்டுக்காரங்களோட பேசுறவன். இந்தப் பள்ளத்துக்கு அவங்க என்ன பேர் சொல்றாங்க?" என்று கேட்டார். யோசிப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் எழுதிவிட்டார்.

அப்போது அது ஒரு பைச்சீட்டு, அவ்வளவுதானே என்று இருந்தேன். இப்போது அதுவே பாறைக்குப் பெயராகப் போகிறது. இதில் ஒரு விதி இருக்கிறது. ஆள் பெயர் வைக்கக்கூடாது. பக்கத்து ஜனங்கள் வழங்குகிற இடப்பெயராக இருக்க வேண்டும். நான் சொன்னது அப்படிப்பட்ட பெயர் என்று நம்பித்தான் அவர் எழுதிக்கொண்டிருக்கிறார். பிப்ரவரி ஐந்தாம் தேதி கட்டுரை அச்சுக்குப் போகிறது. அதற்கு முன் ஒரே ஒரு வியாழன்தான் இருக்கிறது.

சொன்னால் பெயர் போய்விடும். ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம், வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் நாம் போனபிறகும் அந்தப் பெயர் இருக்கும்.

இந்தப் பெயரை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. நீ கேட்டதும் இல்லை. இப்படி ஒரு கடிதத்தில், கல்லைப் பற்றிப் பேசும்போது உனக்குத் தெரியவந்தது தப்புத்தான். நேரே எழுதத் தைரியம் வராமல் நடுவில் செருகிவிட்டேன்.

நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படிச் செய்கிறேன்.

ஹாஜா


மீமிசல்
26 ஜனவரி 2025, ஞாயிறு

உமைர் அத்தா,

சொல்லாதீர்கள். அப்படியே இருக்கட்டும்.

அந்த வரைபடம் அச்சானதும் எனக்கு ஒன்று வேண்டும். அதில் ஓரிடத்தில் அந்தப் பெயர் இருந்தால் போதும்.

வேறு எழுத வரவில்லை.

ஹவ்வா


மீமிசல்
28 ஜனவரி 2025, செவ்வாய்

ஸலாமுக்குப் பின் உமைர் அத்தா அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை அனுப்பியதை அழித்துவிடும்படி பாலாஜி தம்பிக்கு எழுதலாமா என்று நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதுவும் என் மனசில் இருந்ததுதான். இரண்டையும் படியுங்கள்.

பாலாஜி தம்பி, பிரிண்ட் எடுக்கும்போது கண்ணில் படுவது குற்றமில்லை. இதற்குக் கீழே எங்கள் வீட்டு விஷயம்.

இருபதாம் தேதி நவம்பர், 2006, திங்கள். பிள்ளை மாலை ஆறு இருபதுக்குப் பிறந்தாள். மஃரிபு பாங்கு சொல்லி முடித்து அரை மணி ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் திங்கள் என்று போட்டார்கள். பொழுது சாய்ந்து மஃரிபு ஆகிவிட்டால் நமக்கு அடுத்த நாள் தொடங்கிவிடும் என்று நான் நோட்டில் செவ்வாய் என்று எழுதினேன். திங்களிலிருந்து எண்ணினால் ஞாயிறு ஏழாம் நாள். செவ்வாயிலிருந்து எண்ணினால் அடுத்த திங்கள்.

வெளிநாட்டிலிருந்து நீங்கள் ஞாயிறு காலை போன் செய்தீர்கள். ஏழாம் நாள் பிள்ளை காதில் போனை வைத்து நீங்கள் பெயர் சொல்வதாக ஏற்பாடு. "இன்னைக்கே சொல்லிடவா ஹவ்வா, எனக்கு லீவு, போன் பூத்ல கூட்டமில்ல" என்று கேட்டீர்கள். நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "மஃரிபுக்குப் பொறவுதாங்க பொறந்தா. நாளைக்கித்தான் ஏழு. நாளைக்கி சொல்லுங்க" என்றேன். என்னிடமாவது சொல்லவா என்றீர்கள். பிள்ளைக்குச் சொல்வதற்கு முன் யாருக்கும் வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். பிள்ளை என் மடியில்தான் இருந்தாள். போனைக் கொஞ்சம் சாய்த்திருந்தால் அவள் காதுக்கு எட்டியிருக்கும்.

அன்று மதியம் லுஹருக்குப் பிறகு போய்விட்டாள்.

அடுத்து வந்த ரமலானில்தான் ஒரு புத்தகத்தில் படித்தேன். ஏழாம் நாள் வரை காத்திருப்பது நல்லது என்றாலும் பிறந்த அன்றே பெயர் வைத்துக்கொள்ளலாம், தடையில்லை என்று இருந்தது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு உங்களிடம் பெயரைக் கேட்க எனக்கு முகம் ஏது? நீங்கள் கொடுத்தபோது வேண்டாம் என்றவள் நான். நீங்களும் பேச்சை எடுக்கவில்லை. எண்ணி எண்ணிப் பிள்ளையின் பெயரை இல்லாமல் ஆக்கியவள் என்று நினைக்கிறீர்கள் என்றே இத்தனை வருடம் இருந்துவிட்டேன். கல்லுக்கு இரண்டு லட்சம் வருடத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். நான் ஒரு மாலைப்பொழுதை விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது அச்சு விஷயத்துக்கு வருகிறேன்.

இரண்டு நாளாக மர்யம், மர்யம் என்று எழுதிப் பார்க்கிறேன். நல்ல பெயர். நானாக யோசித்திருந்தாலும் இதைவிட வேறு வந்திருக்காது. ஆனால் துஆவுக்குக் கை ஏந்தினால் அந்த டாக்டர் அம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்த்து நிற்கிறார். உங்களை நம்பி எழுதியவர். நாளைக்கு அவருடைய புத்தகத்தைப் படிக்கிறவர்கள் அவரை நம்புவார்கள்.

நம் பிள்ளை ஆறு நாள் இருந்தாள். ஒரு பொய் சொல்லும் வயது அவளுக்கு வரவில்லை. அவள் பெயரில் பொய்ச் சாட்சி நிற்கக்கூடாது.

சொல்லிவிடுங்கள். வேலை போனால் போகட்டும். மீமிசலில் ஓட்டுவதற்கு வண்டி இல்லாமலா போய்விட்டது?

துஆவுடன்
ஹவ்வா உம்மாள்


முகாம்
6 பிப்ரவரி 2025, வியாழன்

என் ஹவ்வா,

போன வியாழன் பாலாஜி லாரியை விட்டு இறங்கும்போதே, "என்ன பாய், ஒரே வாரத்துல ரெண்டு. கல்யாணமான புதுசா?" என்று கேட்டார். பிரிண்டைக் கையில் கொடுத்ததும் டேங்கைத் திறந்துவிட்டு அந்தப் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். நீ அவருக்கு எழுதிய வரிக்குக் கீழே அவர் படிக்கவில்லை. படித்திருந்தால் அந்த மனிதருக்குக் கேலி வந்திருக்காது.

சிறிய கடிதத்தை முதலில் படித்தேன். சரி, ஹவ்வாவே சொல்லிவிட்டாள் என்று இருந்தது. இரண்டாவதைப் படித்து முடித்துத் தாளை மடிக்க வரவில்லை. அப்படியே எழுந்து டாக்டர் அம்மாவின் கூடாரத்துக்குப் போய்விட்டேன்.

எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன். ஆட்டுக்காரர்கள் சொன்ன பெயர் இல்லை அது, பெயர் சொல்லுமுன்பே இறந்துபோன என் மகளின் பெயர், வாய் தவறி வந்துவிட்டது, ஒரு வருடமாக மறைத்துவிட்டேன் என்றேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். பிறகு, "எத்தன நாள் கொழந்த?" என்று மட்டும் கேட்டார். ஆறு என்றேன்.

கட்டுரையைக் கம்ப்யூட்டரில் திறந்தார். நாற்பத்தோரு இடத்தில் அந்தப் பெயர் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் எடுத்து முடிக்கும்வரை நான் பக்கத்தில் நின்றேன். கடைசியாக வரைபடம். அதில் எழுத்துப் பொடியாக இருந்தது.

மறுநாள் இரண்டு பேருமாக மலைக்கு அந்தப் பக்கம் போய் ஆட்டுக்காரப் பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். டாக்டர் அம்மா பள்ளத்தைக் காட்டிப் பெயர் கேட்டார். கிழவர் சிரித்துவிட்டார். அவருடைய அத்தா காலத்தில் ஒரு நொண்டி ஒட்டகம் அங்கே போய்ப் படுத்துக்கொண்டு எழுந்து வரவே மாட்டேன் என்றதாம். அதிலிருந்து அதற்கு, நம் பேச்சில் சொன்னால், நொண்டிச்சி பள்ளம் என்று பெயராம். அவருடைய தங்கை வீட்டிலும் போய்க் கேட்டோம், அதையேதான் சொன்னார்கள். ஆக, ஒரு கோடியே முப்பத்தெட்டு லட்சம் வயதுக்காரிக்கு நொண்டி ஒட்டகத்தின் பெயர்தான் வாய்த்தது. டாக்டர் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வண்டியில் திரும்பும்போது, "தெரியாததத் தெரியாதுன்னு சொல்லு ஹாஜா, எனக்கு அது போதும்" என்றார். ஒப்பந்தத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கட்டுரை நேற்றுப் போய்விட்டது.

இப்போது நம் விஷயம். நீ நாளைக்கு என்று சொன்னது எனக்கு ஒரு நாளும் தப்பாகப் பட்டதில்லை. நீ எதையும் முறையாகச் செய்கிறவள் என்றுதான் அன்றைக்கும் பூத்தை விட்டு வெளியே வரும்போது நினைத்தேன். மனசில் இருந்தது வேறு. பிள்ளையைத் தூக்கி வைத்துப் பார்க்காதவன், அடக்கம் செய்ய மையவாடிக்குக்கூட வராதவன், அவனிடம் பெயரை என்ன கேட்பது என்று நீ விட்டுவிட்டாய் என நினைத்தேன். திங்கட்கிழமையும் நான் பூத்துக்குப் போனேன், ஹவ்வா. செய்தி தெரிந்த பிறகும் போனேன். எதற்கென்று தெரியவில்லை. எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.

பெயர் அங்கிருந்து போய்விட்டது. உனக்கு வரைபடம் கொண்டுவர முடியாது.

ஹாஜா


மீமிசல்
10 பிப்ரவரி 2025, திங்கள்

ஸலாமுக்குப் பின் மர்யம் அத்தா அவர்களுக்கு ஹவ்வா உம்மாள் எழுதுவது.

நாற்பத்தோரு இடத்திலும் நீங்கள் நின்று பார்த்ததை உமைருக்குப் படித்துக் காட்டினேன். அவன் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். தங்கச்சி இருந்தாள் என்பது அவனுக்குத் தெரியும். அப்போது அவனுக்கு ஐந்து வயது. தொட்டில் துணி மஞ்சள் நிறம் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறதாம். பெயரைப் பற்றி இதுவரை கேட்டதே இல்லை. "எனக்கு ஏம்மா யாருமே சொல்லல?" என்றான். எனக்கே இப்போதுதானப்பா தெரியும் என்றேன்.

சனிக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு பள்ளிவாசல் ஜமாஅத் அலுவலகத்துக்குப் போனேன். செயலாளர் நிஜாம் அண்ணன் மையவாடிப் பதிவேட்டில் 2006 நோட்டைத் தேடி எடுத்துத் தந்தார். நம் வரி அப்படியே இருக்கிறது. ஹாஜா முகைதீன் மகள், ஆறு நாள். பெயர் போட வேண்டிய கட்டத்தில் ஒரு சின்னக் கோடு.

"எழுதிரலாம்மா, அதுல என்ன இருக்கு. பேரச் சொல்லுங்க" என்று பேனாவைத் திறந்தார்.

நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. உமைர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் சொல்லவாம்மா?" என்று கேட்டான். அவன் கையைப் பிடித்து வேண்டாம் என்றேன். பொய் விலகிவிட்டது, நோட்டு திறந்திருக்கிறது, பேனாவும் தயாராக இருக்கிறது. இருந்தாலும் அது நீங்கள் சொல்ல வேண்டிய பெயர். அன்றைக்கு நான் நிறுத்திவைத்த இடத்திலிருந்து நீங்கள்தான் தொடர வேண்டும். வேறு யார் சொன்னாலும், நான் சொன்னாலும்கூட, உங்களை இரண்டாம் தடவையும் தடுத்ததாகிவிடும்.

நிஜாம் அண்ணனிடம், பிள்ளையோட அத்தா வந்து சொல்லுவாங்க, அதுவரைக்கும் கோடு அப்படியே இருக்கட்டும் என்றேன். "பத்தொம்பது வருசம் இருந்துச்சு, இன்னுங் கொஞ்ச நாள் இருக்கட்டும்மா" என்று நோட்டை உள்ளே வைக்காமல் மேசை மேலேயே வைத்துக்கொண்டார்.

வேலை நீடித்தாலும் நீடிக்காவிட்டாலும் ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள். போனில் சொல்ல வேண்டாம்.

ஹவ்வா உம்மாள்


முகாம்
13 பிப்ரவரி 2025, வியாழன்

என் ஹவ்வா,

பாலாஜி வண்டியை அணைக்காமல் நிற்கிறார், சுருக்கமாக எழுதுகிறேன். ரமலானுக்கு முன்பு முகாமைக் கலைக்கிறார்கள். லீவு கேட்டேன். எத்தனை நாள் என்று டாக்டர் அம்மா கேட்டதற்குத் தெரியாது என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த குளிர்காலத்துக்கு வண்டியை யாரிடமும் கொடுக்கப் போவதில்லை என்றும் சொன்னார்.

டிக்கெட்டைப் பாலாஜியே டவுனுக்குப் போய்ப் போட்டுத் தருகிறார். இருபதாம் தேதி காலையில் திருச்சியில் இறங்குகிறேன். உமைரை மட்டும் அனுப்பாதே, நீயும் வா. வீட்டுக்குப் போய்ச் சாமானை இறக்கி, குளித்து, சாப்பிட்டு என்றெல்லாம் ஆரம்பிக்க வேண்டாம். நேரே பள்ளிவாசலுக்குப் போவோம். நிஜாம் அண்ணன் எழுதட்டும். பிறகு நீங்கள் இரண்டு பேரும் வெளியே நில்லுங்கள். நான் மையவாடிக்குள் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காதுக்குச் சொல்கிற மாதிரியே சொல்கிறேன். திரும்பி வந்து உன்னிடம் சொல்கிறேன்.

அது எத்தனையாவது நாள் என்று நீயும் எண்ண வேண்டாம், நானும் எண்ணவில்லை.

ஹாஜா